அமராவதி எண்ணினது தப்பா?

இந்த வாரம் பெங்களூர் ரூம்ல இருந்து பேசலை. ஊருக்கு வந்திருக்கேன். வடமதுரையில எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல திருச்சி ரோட்டு பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க.

இன்னைக்குப் பேசப்போறது 1937-ல வந்த ஒரு படம். பேரு 'அம்பிகாபதி'. பேரைக் கேட்டதும் உங்கள்ல பாதிப் பேருக்கு தனுஷ் ஞாபகம் வந்திருப்பார். அவர்கிட்டயும் வரேன், ஆனா கடைசியில. முதல்ல பழைய அம்பிகாபதி.

கதை தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். ராமாயணம் எழுதின கம்பர் இருக்கார்ல, அவரோட மகன் அம்பிகாபதி. அவனும் புலவன். சோழ ராஜா குலோத்துங்கனோட பொண்ணு அமராவதி. ரெண்டு பேருக்கும் காதல். ராஜாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. புலவன் மகனுக்கு இளவரசியா? கோபம். ஆனா கம்பர் பெரிய ஆள், அவர் மகனைச் சட்டுனு ஒண்ணும் செய்ய முடியாது. அதனால ஒரு போட்டி வைக்கிறாங்க. சபையில நூறு பாட்டு பாடணும். நூறும் கடவுளைப் பத்தி இருக்கணும். ஒரு பாட்டுல, ஒரு வரியில கூட காதல் வரக் கூடாது. பாடி முடிச்சா அமராவதி உனக்கு. இல்லைன்னா தலை போயிடும்.

அம்பிகாபதி பாட ஆரம்பிக்கிறான். அமராவதி மறைவா உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டே இருக்கா. நூறு ஆனதும் சந்தோஷத்துல வெளிய வந்து நிக்கிறா. அவளைப் பார்த்ததும் அம்பிகாபதி, சரி, முடிஞ்சதுன்னு நினைச்சு அவளைப் பத்தியே ஒரு பாட்டு பாடிடறான். ஆனா நூறு ஆகலை. தொண்ணூத்தொம்பதுதான் ஆகியிருக்கு. ஏன்னா அவ ஆரம்பத்துல பாடின கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிட்டா. அது காப்புச் செய்யுள், கணக்குல வராது. நூறாவது பாட்டு காதல் பாட்டாப் போச்சு. தலையும் போச்சு. அவளும் உயிரை விட்டுடறா.

என்னை மாதிரி கோட் எழுதுற யார்கிட்ட இந்தக் கதையைச் சொன்னாலும் முதல்ல சிரிப்பாங்க. இது எங்க தொழில்ல தினமும் வர பிழை. பட்டியல்ல முதல் ஆளுக்கு நம்பர் பூஜ்யமா ஒண்ணான்னு குழம்பி, ஒரு சுத்து கூட ஓடிடும், இல்ல ஒரு சுத்து குறைஞ்சிடும். ஆஃப் பை ஒன் எரர்னு சொல்லுவோம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் போட்ட முதல் பெரிய தப்பே இதுதான். அம்பிகாபதி செத்தது ஒரு ஆஃப் பை ஒன் எரர்லன்னு ரொம்ப நாள் ஆபீஸ்ல ஜோக்கா சொல்லிட்டு இருந்தேன். இனிமே அந்த ஜோக்கைச் சொல்றதா இல்லை. ஏன்னு இன்னைக்குச் சொல்றேன்.

முதல்ல படம் எப்படி எடுத்தாங்கன்னு பார்ப்போம். ஏன்னா அதுவே ஒரு கதை.

சோழர் காலத்துக் காதல். ஹீரோ எம்.கே.தியாகராஜ பாகவதர். ஹீரோயின் எம்.ஆர்.சந்தானலட்சுமி. கம்பரா செருகளத்தூர் சாமா. வில்லன் ருத்ரசேனனா டி.எஸ்.பாலையா. காமெடிக்கு என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம். பாட்டு பாபநாசம் சிவன். லிஸ்ட்டைக் கேட்டா தஞ்சாவூர்ப் பக்கம் யாரோ பெரிய நாடக வாத்தியார் இயக்கின மாதிரி இருக்கும். இயக்கினது எல்லிஸ் ஆர்.டங்கன். அமெரிக்கர். ஒஹாயோ மாகாணத்துல 1909-ல பிறந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. படம் வந்தப்போ அவருக்கு வயசு 28. என் வயசு.

இவர் எப்படி இங்க வந்தார்? லாஸ் ஏஞ்சலஸ்ல தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல சினிமா படிச்சவர். கூடப் படிச்சவர் மாணிக் லால் டாண்டன், நம்ம நாட்டுக்காரர். 'வாடா, எங்க ஊர்ல வந்து படம் எடுப்போம்'னு நண்பன் கூப்பிட, 1935-ல கிளம்பி வந்துட்டார். ஆறு மாசம் இருந்துட்டுப் போகலாம்னு வந்தவர், 15 வருஷம் கழிச்சு 1950-லதான் கிளம்பினார். நம்மள்ல நிறையப் பேர் ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு ஆன்சைட் போற மாதிரி, இது தலைகீழ் ஆன்சைட்.

அவர் முதல்ல இயக்கினது 1936-ல வந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆர் முதன்முதலா திரையில வந்தது அந்தப் படத்துலதான். சின்ன வேஷம். அடுத்த வருஷம் 'அம்பிகாபதி'.

அப்போ தமிழ்ல பேசும் படம் வந்தே ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. நிறையத் தமிழ்ப் படங்களைக் கல்கத்தாவுலயும் பம்பாய்லயும் இருந்த ஸ்டூடியோவுக்குப் போய்த்தான் எடுத்துட்டு வந்தாங்க. படம்னா என்ன? மேடை நாடகம். முன்வரிசையில கேமராவை நிறுத்தி வெச்சுட்டா, நடிகர்கள் வந்து நின்னு பாடிட்டுப் போவாங்க. ஒரே படத்துல நாப்பது அம்பது பாட்டு இருக்கும். டங்கன் அந்த கேமராவை நகர்த்தினவங்கள்ல ஒருத்தர். நடிகர் முகத்துக்குக் கிட்ட கொண்டு போனார். காதலிக்கிற ரெண்டு பேர் எட்ட எட்ட நின்னு பாடிட்டு இருந்த காலத்துல, அவங்களைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினார். இது அவருக்குத் திட்டும் வாங்கிக் கொடுத்தது. பின்னாடி 1950-ல அவர் எடுத்த 'பொன்முடி'யில காதல் காட்சிகளுக்காகச் செம அடி வாங்கினார். வெள்ளைக்காரன் வந்து நம்ம பிள்ளைங்களைக் கெடுக்கிறான்ங்கிற ரேஞ்சுல.

சரி, மொழி தெரியாம எப்படி இயக்கினார்? இங்கதான் எனக்கு மரியாதை வருது. ஸ்கிரிப்ட்டை இங்கிலீஷ்ல வெச்சுப்பார். பக்கத்துல உதவியாளர்கள் இருப்பாங்க. வசனத்துக்கு முழுப் பொறுப்பையும் எழுத்தாளரை நம்பிக் கொடுத்துட்டார். அந்த எழுத்தாளர் இளங்கோவன். நிஜப் பேரு தணிகாசலம். 'மணிக்கொடி' பத்திரிகை வட்டத்துலேர்ந்து வந்தவர். டங்கன் அவர்கிட்ட ரோமியோ ஜூலியட்டைக் காட்டி, நம்ம கதையும் இதே ஜாதிக் கதைதானே, அந்தப் பால்கனி சீன் மாதிரி தமிழ்ல எழுதுங்கன்னு கேட்டிருக்கார். இளங்கோவன் எழுதினார். அதுவரைக்கும் பாட்டுக்கு நடுவுல இட்டு நிரப்புற மாதிரி இருந்த வசனத்தை, ஜனங்க அதுக்காகவே காது கொடுத்துக் கேட்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் அவர் 'அசோக்குமார்', 'கண்ணகி', 'ஹரிதாஸ்'னு போயிட்டே இருந்தார். டங்கனும் கிளம்பறதுக்கு முன்னாடி கலைஞர் வசனத்துல 'மந்திரி குமாரி' எடுத்தார். தமிழ் சினிமாவுல வசனம்ங்கிற விஷயம் வளர்ந்த ரெண்டு முக்கியமான இடத்துல, தமிழே தெரியாத ஒரு மனுஷன் நின்னிருக்கார் பாருங்க. டீம்ல தனக்குத் தெரியாததைத் தெரிஞ்சவன்கிட்ட விட்டுடறதுன்னா என்னன்னு நம்ம மேனேஜர்களுக்கு யாராவது இதைச் சொல்லுங்க.

'அம்பிகாபதி' பெரிய ஹிட். அதே வருஷம் பாகவதருக்கு 'சிந்தாமணி'யும் ஹிட். அவர் சூப்பர் ஸ்டார் ஆனதுல இந்த ரெண்டு படத்துக்கும் பெரிய பங்கு உண்டு. டங்கனைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா 'ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்'னு ஒரு ஆவணப்படம் இருக்கு, கரண் பாலி இயக்கினது, 2013. கிடைச்சா பாருங்க. எனக்கு டங்கன் அறிமுகமானதே அது வழியாத்தான்.

இப்போ ரோமியோ ஜூலியட். 'அம்பிகாபதி'க்கு ஒரு வருஷம் முன்னாடி, 1936-ல, ஹாலிவுட்ல எம்.ஜி.எம் கம்பெனி அதைப் பெரிய செலவுல எடுத்தாங்க. ஜார்ஜ் க்யூகர் டைரக்‌ஷன். ஜூலியட்டா நார்மா ஷீரர், வயசு 34. ரோமியோவா லெஸ்லி ஹோவர்ட், வயசு 43. கதைப்படி ஜூலியட்டுக்கு 14 கூட ஆகலை! காலேஜ் ஸ்டூடண்டா நாப்பது வயசு ஹீரோ வர்றதை நாம மட்டும் கண்டுபிடிக்கலை, நிம்மதியா இருங்க.

அந்தக் கதையிலயும் கடைசியில ஒரு சின்னப் பிழைதான் ரெண்டு பேரையும் கொல்லுது. ஜூலியட் நிஜமா சாகலை, மயக்க மருந்து குடிச்சிருக்கான்னு ரோமியோவுக்கு ஒரு லெட்டர் போகணும். போகலை. எடுத்துட்டுப் போனவரை நோய்த் தொற்று பயத்துல ஒரு வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. கொரோனா டைம்ல நாம பார்த்த அதே குவாரண்டைன். மெசேஜ் டெலிவரி ஆகலை. ஒரு டிக் மட்டும்தான் விழுந்தது, ரெண்டாவது டிக் வரவே இல்லை.

ஆனா கவனிங்க. ரோமியோ ஜூலியட் முடியறப்போ யாரும் அந்தத் தபால்காரரைத் திட்டறதில்லை. ஊர்த் தலைவன் வந்து ரெண்டு குடும்பத்துப் பெரியவங்களையும் நிக்க வெச்சு, உங்க பகையாலதான் இந்தப் பிள்ளைங்க செத்தாங்கன்னு சொல்றான். பழி போக வேண்டிய இடத்துக்குப் போகுது.

நம்ம ஊர்ல அம்பிகாபதி கதையை எப்படிச் சொல்றோம்? 'பாவம், அந்தப் பொண்ணு எண்ணத் தெரியாம அவனைக் கொன்னுட்டா.' எனக்கு ஸ்கூல்ல சொன்ன தமிழ் ஐயா அப்படித்தான் சொன்னார். நான் ஆபீஸ்ல ஜோக் அடிச்சதும் அதே கணக்குதான். ராஜாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

இந்த விஷயம் எனக்கு உறைச்சது எங்க அப்பத்தாவால. அவங்க 1957-ல சிவாஜியும் பானுமதியும் நடிச்ச 'அம்பிகாபதி'யைச் சின்னப் பிள்ளையில கொட்டகையில பார்த்தவங்க. நேத்து ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கிறப்போ, இந்த எபிசோடுக்காகக் கேட்டேன்.

"ஏன் அப்பத்தா, அந்தப் பிள்ளை மட்டும் ஒழுங்கா எண்ணியிருந்தா அவன் பொழைச்சிருப்பான்ல?"

அப்பத்தா தட்டுல ரசத்தை ஊத்திட்டே சொன்னாங்க: "போடா கிறுக்கா. நூறு பாடுனா அவன் இருநூறு கேட்டுருப்பான். குடுக்கணும்னு நெனைக்கிறவன் எதுக்குடா எண்ணச் சொல்றான்?"

அவ்வளவுதான். ரசம் போதுமான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

நான் கொஞ்ச நேரம் சாப்பிடாம உட்கார்ந்திருந்தேன். ஏன்னா எனக்கு ஒரு ஃப்ரெண்ட் ஞாபகம் வந்தான். அவன்கிட்ட கேட்டு, சரின்னு சொன்ன பிறகுதான் இதைப் பேசுறேன். பேரு சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன்.

காலேஜ்ல என்கூடப் படிச்சவன். கூடப் படிச்ச ஒரு பொண்ணும் இவனும் லவ் பண்ணாங்க. வேற வேற சாதி. பொண்ணு வீட்டுல அருவா எல்லாம் தூக்கலை. அந்தப் பொண்ணோட அப்பா ரொம்ப நிதானமான ஆளு. கூப்பிட்டு உட்கார வெச்சு, காபி கொடுத்து, கண்டிஷன் போட்டார். முதல்ல நல்ல வேலை. இவன் வாங்கினான். அப்புறம், வாடகை வீட்டுல எம் பொண்ணு இருக்க மாட்டாம்மான்னார். இவன் லோன் போட்டு ஒரு இடம் வாங்கினான். கடைசியா ஒண்ணு சொன்னார்: "ஒரு வருசம் ரெண்டு பேரும் பேசக் கூடாது, பார்க்கக் கூடாது. அதுக்கப்புறமும் இதே மனசு இருந்தா நானே முன்னால நின்னு கட்டி வைக்கிறேன் தம்பி."

ஒத்துக்கிட்டாங்க. போன் இல்ல, வாட்ஸ்அப் இல்ல, இன்ஸ்டாவுல ஒரு லைக் கூட இல்ல. அவன் செவுத்துல காலண்டர்ல கோடு போட்டுட்டே வந்தான். அந்தப் பொண்ணும் எண்ணிட்டே இருந்திருக்கா. ஒரு வருஷம் முடிஞ்ச அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு அவளே போன் பண்ணிட்டா. "முடிஞ்சிருச்சு"ன்னு ஒரு வார்த்தை. ரெண்டு பேரும் அழுதிருக்காங்க.

சாயங்காலம் அவங்கப்பா சொன்னாராம்: "ஆடி மாசம் கணக்குல சேராது. இன்னும் ஒரு மாசம் இருக்கு. உங்களால ஒரு மாசம் பொறுக்க முடியலை. வாக்கை மீறினது நீங்கதான்."

அவர் அதைச் சொன்னப்போ குரலைக் கூட உசத்தலையாம்.

அன்னைக்கு ராத்திரி அவன் எனக்குப் போன் பண்ணான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு தடவை கன்ஃபார்ம் பண்ணிட்டுப் பேசியிருக்கலாம்லடா. அவசரப்பட்டுட்டாடா அவ." இதைத்தான் சொன்னேன். நல்லா படிச்சவன், நாலு புத்தகம் வாசிக்கிறவன், பாட்காஸ்ட் எல்லாம் பண்றவன். எனக்கும் கணக்குதான் கண்ணுக்குத் தெரிஞ்சது. கணக்கு போட்டவர் தெரியலை. அவனும் அதை நம்பிட்டான். இன்னைக்கு வரைக்கும், அவ மட்டும் ஒரு மாசம் பொறுத்திருந்தான்னுதான் சொல்றான். அவளும் அப்படித்தான் நினைச்சுட்டு இருக்கான்னு கேள்விப்பட்டேன். போன தை மாசம் அவளுக்கு வேற இடத்துல கல்யாணம் ஆயிடுச்சு.

எங்க வேலையில ஒண்ணு சொல்லுவோம். கோட் தப்பில்லை, ரிக்வயர்மெண்ட்டே தப்புன்னு. என்ன செய்யணும்னு எழுதிக் கொடுத்த பேப்பரே தப்பா இருந்தா, நீ எவ்வளவு சுத்தமா எழுதினாலும் வர ரிசல்ட் தப்பாத்தான் இருக்கும். நூறு பாட்டுப் போட்டி ஒரு டெஸ்ட் இல்லை. ஃபெயில் ஆகிறதுக்காகவே எழுதின டெஸ்ட். காதலிக்கிற ஒருத்தனை, காதலிக்கிறவ கேட்டுட்டு இருக்கிற இடத்துல, காதல் இல்லாம நூறு பாட்டு பாடச் சொல்றது. அவன் தப்பு பண்ணலைன்னா அடுத்த டெஸ்ட் ரெடியா இருந்திருக்கும். அப்பத்தா சொன்ன இருநூறு.

இதே கதையில இன்னொரு கட்டம் சொல்லுவாங்க. ஒரு விருந்துல அமராவதி பரிமாற வரப்போ, அம்பிகாபதி அவளைப் பத்திப் பாட ஆரம்பிச்சுடறான். ராஜா முகம் மாறுது. கம்பர் சட்டுனு நடுவுல புகுந்து, தெருவுல கொட்டிக்கிழங்கு விக்கிற கிழவியைப் பத்தின பாட்டு மாதிரி முடிச்சு மகனைக் காப்பாத்திடறார். சரஸ்வதியே கிழங்கு விக்கிற கிழவியா தெருவுல வந்து நிக்கிறா. அதாவது சாமியே வந்து சாட்சி சொல்லியும் ராஜா திருந்தலை. அடுத்து நூறு பாட்டு கேட்டார். அப்போ பிரச்சினை எண்ணிக்கையிலயா இருக்கு?

இப்போ தனுஷ். 2013-ல ஆனந்த் எல்.ராய் இயக்கின 'ராஞ்சனா' தமிழ்ல 'அம்பிகாபதி'ன்னு வந்தது. காசி, ஏ.ஆர்.ரஹ்மான், தனுஷ், சோனம் கபூர். கதை வேற, ஆனா பேருக்கு ஏத்த மாதிரி கடைசியில ஹீரோ செத்துடுவான். 2025 ஆகஸ்ட்ல அதைத் திரும்ப ரிலீஸ் பண்ணாங்க. ஏஐ வெச்சு கிளைமாக்ஸை மாத்தி, ஹீரோ பொழைச்சுக்கிற மாதிரி. டைரக்டரும் தனுஷும் வெளிப்படையாவே எதிர்ப்பு சொன்னாங்க. நானும் அப்போ ரொம்பக் கோபமா பேசினேன். எடுத்தவனைக் கேட்காம படத்துல கை வைக்கிறது தப்பு, இப்பவும் அதுல மாத்தமில்லை.

ஆனா என் ஃப்ரெண்ட் அதைத் தியேட்டர்ல போய்ப் பார்த்துட்டு எனக்கு மெசேஜ் பண்ணான். "கண்ணு முழிச்சுட்டான்டா. நல்லா இருந்துச்சு." நான் ஏஐ, காப்புரிமைன்னு பெருசா டைப் பண்ணி, அனுப்பாம அழிச்சுட்டேன். அவனுக்கு அந்த ரெண்டு நிமிஷம் வேணும். அதுல எனக்கு என்ன வந்தது?

ஆனாலும் ஒண்ணு யோசிச்சுப் பார்த்தேன். 1937 அம்பிகாபதிக்கு இதே மாதிரி கிளைமாக்ஸ் மாத்தணும்னா என்ன பண்ணுவாங்க? அமராவதியைச் சரியா எண்ண வெப்பாங்க. நூறு ஆகும், ராஜா எழுந்து கை தட்டுவார், கல்யாணம். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த முடிவுல ராஜா நியாயமான ஆளா ஆயிடறார். வாக்கைக் காப்பாத்தின நல்ல அப்பா. அவ ஒழுங்கா எண்ணினா போதும், உலகம் சரியாத்தான் இருக்குன்னு ஆயிடுது. டங்கனும் இளங்கோவனும் பாகவதரைச் சாக விட்டாங்க. சூப்பர் ஸ்டாரை, பொழைக்க வெச்சா இன்னும் வசூல் ஆகியிருக்குமோ என்னவோ. ஆனா சாக விட்டதாலதான், அந்தக் கணக்கைப் போட்டவர் யாருன்னு 88 வருஷம் கழிச்சு எங்க அப்பத்தாவால கேட்க முடியுது.

இந்த எபிசோடைப் போடறதுக்கு முன்னாடி அவனுக்குப் போன் பண்ணேன். "மச்சி, அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. அவ சரியாத்தான் எண்ணியிருக்கா. பன்னெண்டு மாசம்னா பன்னெண்டு மாசம்தான். ஆடியும் மாசம்தான்." அவன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "சரிடா, ஊர்ல மழையா?"ன்னு கேட்டான். இல்லடா, வெயில்தான்னேன்.

உங்களுக்கும் இந்த மாதிரி கண்டிஷன் யாராவது போட்டிருந்தா, இல்ல நீங்களே யார்கிட்டயாவது 'அவசரப்பட்டுட்ட'ன்னு சொல்லியிருந்தா, வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேரு சொல்ல வேண்டாம். சாதி சொல்லவே வேண்டாம். அடுத்த வாரம் டங்கன் எடுத்த 'மீரா' பத்திப் பேசுவோம். எம்.எஸ்.சுப்புலட்சுமி முகத்துக்கு லைட் எப்படி விழணும்னு பார்க்க, அவங்க முகத்தை பிளாஸ்டர்ல சிலையாவே செஞ்சு வெச்சு டெஸ்ட் பண்ணின கதை இருக்கு. கீழ அப்பத்தா சாப்பிடக் கூப்பிடறாங்க. வரேன் மக்களே.